இரண்டு பவுண்டு பதினான்கு பென்ஸ்

வியாழன் நள்ளிரவு தாண்டியதும்
தொலைபேசிக் கட்டணம் கணக்கிலிருந்து போனது.
வெள்ளி விடிகாலை ஆறுக்குச் சம்பளம் வந்தது.
நடுவே கொஞ்ச நேரம்
என் கணக்கு
இரண்டு பவுண்டு பதினான்கு பென்ஸ் பள்ளத்தில் கிடந்தது.

அதற்கு வங்கி போட்ட வாடகை முப்பத்தைந்து.

அந்தக் காசுக்கு க்ளீதோர்ப்ஸ் கடற்கரையில்
ஜன்னல் வைத்த அறையே தருவார்கள்,
காலையில் முட்டையும் பொரித்த ரொட்டியும் உண்டு.
என் இரண்டு பவுண்டு பதினான்கு
அன்றிரவு எங்கே படுத்ததோ,
எழுந்து என்ன தின்றதோ.

முப்பத்தைந்து போனதால்
அடுத்த வாரம் தண்ணீர்க் கட்டணம் திரும்பியது.
திரும்பியதற்கு முப்பத்தைந்து.
கோட்டுக்குக் கீழே மாதம் முழுக்க நின்றதற்கு
இருபத்தெட்டு.
குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம்.
இந்தக் குதிரை
பறித்த கூலியையும் என்னிடமே கேட்டது.

கிரிம்ஸ்பியில், மீன் துண்டுகளைப்
பொட்டலம் கட்டும் ஆலையில் எனக்கு வேலை.
மார்ச்சில் ஐந்து ஷிப்ட் மூன்றானது.
யாரும் கத்தவில்லை.
அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்,
நாலு மூலையிலும் குண்டூசி.
அதே மாதம்
ஜாரட்டின் பள்ளிக் காலணி வாய் பிளந்தது.
மின்சார மீட்டரில் ஐந்து ஐந்தாய்க் காசு ஏற்றினோம்.
குளிப்பதா, அடுப்பு மூட்டுவதா என்று
சில மாலைகளில்
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வந்த உறைகளைப் பிரிக்காமல்
ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் செருகினேன்.
உள்ளே இருந்த கடிதங்களுக்கும்
கட்டணம் உண்டென்று பிறகு தெரிந்தது.

டாவினாதான் சொன்னாள்,
தலைவலையைக் கழற்றாமல், தேநீர் இடைவேளையில்:
"எனக்குத் திருப்பித் தந்தார்கள்.
கேட்டேன், தந்தார்கள்.
கேட்காதவர்களுக்கு எப்படித் தருவார்கள்?"

அன்றிரவு எல்லா உறையையும் கிழித்தேன்.
மீன் அட்டைப்பெட்டியின் பின்பக்கம் கூட்டினேன்.
முப்பத்தைந்துகள் பதினொன்று.
இருபத்தெட்டுகள் ஒன்பது.
அறுநூற்று முப்பத்தேழு.
பள்ளியில் நான் கணக்கில் மோசம்,
அதனால் ஏழு முறை கூட்டினேன்.
ஏழு முறையும் அதே தொகை.
தூங்கிக்கொண்டிருந்த ஜாரட்டை எழுப்பி
எட்டாம் முறை கூட்டச் சொன்னேன்.

கடிதம் எழுதுவதுதான் கஷ்டம்.
மூன்று இடத்தில் 'மன்னிக்கவும்' வந்து உட்கார்ந்தது,
மூன்றையும் அடித்தேன்.
சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, மீட்டர் ரசீது எல்லாம் வைத்து
பதிவுத் தபாலில் அனுப்பினேன்.
தபால்காரப் பெண் எடை பார்த்தாள்.
கனமாகத்தான் இருந்தது.

பாதி தருகிறோம் என்று பதில் வந்தது,
முழுத் தீர்வாக.
நான் எழுதினேன்:
எந்தப் பாதி நியாயம் என்று
சிவப்பு மையில் குறித்து அனுப்புங்கள்.

எட்டு வாரம் ஒன்றுமில்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை, முழுத் தொகையும்.
கூடவே ஒரு வரி:
எங்கள் தரப்பில் எந்தப் பொறுப்பையும் ஒப்புக்கொள்ளாமல்,
நல்லெண்ணத்தின் அடையாளமாக.

நல்லெண்ணம் நேராக அதே கணக்கில் விழுந்தது.
பள்ளம் நூற்றுத் தொண்ணூறை விழுங்கிக்கொண்டு
மிச்சத்தை என்னிடம் விட்டது.
ஜாரட்டுக்குக் காலணி வாங்கினேன்,
ஒரு அளவு பெரிதாக.
டாவினாவுக்குக் கேக்.
அவளுக்குப் பிடிக்காத காப்பிக் கேக்,
அதுதான் அன்று மீந்திருந்தது.

இன்னொன்றும் உண்டு.
என் முதல் கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தேன்:
அந்த வியாழக்கிழமை
இரண்டு பவுண்டு பதினான்கு பென்ஸ் குறைந்தது
என் பிழை.
அதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வரிக்கு மட்டும்
அவர்கள் பதில் எழுதவில்லை.