இரண்டாம் தரம்

கழுத்து ரிப்பு ஒரு ஆரஞ்சு, உடம்பு ஒரு ஆரஞ்சு.
டியூப்லைட் அடியில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.
தெரிந்தது. சிவப்பு அம்பு ஒட்டித் தள்ளினேன்.
அந்த லாட்டில் நானூற்றுப் பதினாறு உருப்படி
லேபிளைப் பாதி நறுக்கி
கிலோக் கணக்கில் காதர்பேட்டைக்குப் போனது.
முதலாளி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து,
மத்தியானச் சோத்து நேரத்தில்,
ஒருத்தர் வந்து நிற்கிறார்.
பேர் கிலாரியூஸ், குளச்சல் பக்கமாம்.
கக்கத்தில் அட்டைப்பெட்டி, கையில் பாதி லேபிள்.
இது எந்தக் கம்பெனி என்று
மூன்று நாளாகத் திருப்பூரெல்லாம் கேட்டிருக்கிறார்,
அனுப்பர்பாளையத்துப் பாத்திரக் கடையில்கூட.

பெட்டிக்குள் வள்ளம்.
அயினிப் பலகை, கயிற்றுத் தையல்,
தீக்குச்சியில் துடுப்பு,
என்ஜினுக்கு மட்டும் மருந்து பாட்டில் மூடி.
கட்டிங் மேசையில் வைத்ததும்
பழக்கதோஷத்தில் டேப்பை நீட்டினேன்.
இருபத்திரண்டு இஞ்ச்.
"அசலு முப்பத்திமூணு அடி. பதினெட்டுக்கு ஒண்ணு."

என்ஜின் செத்த நாலாம் நாள்
கம்பில் கட்டி ஆட்டியது அந்த டீ-சர்ட்டைத்தானாம்.
நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டு, நூற்றைம்பதுக்கு இரண்டு.
நீலம் தண்ணீரோடு போய்விடும்,
வெள்ளையை நுரை என்று நினைப்பான்.
கப்பல்காரன் கண்ணில் விழுந்தது
இது ஒன்றுதான் என்றார்.

குட்டிக் கம்பத்தில் நகமளவு துணி.
குனிந்து பார்த்தேன்.
ரிப்பும் உடம்பும் சேருகிற இடத்தை
வெட்டிக் கட்டியிருக்கிறார்.
இரண்டு ஆரஞ்சு. இப்போதும் தெரிகிறது.

அப்புறம் எண்ணினேன்.
குறுக்குப் பலகை ஐந்து, மெழுகு ஆள் நாலு.
"ஏனுங்ணா, ஒரு உருப்படி குறையுதுங்களே"
வாயிலிருந்து வந்தே விட்டது.
காலிப் பலகையை விரலால் துடைத்தார்,
தூசி ஒன்றும் இல்லை.
"குறையல மக்ளே. கணக்கு சரிதான்.
ரெண்டாம் நாள் ராத்திரிவரை அஞ்சு."

பெல் அடித்தது.
சூப்பர்வைசர் டீ சொல்லி அனுப்பினார்.
முதலாளி வரட்டும் என்றோம்,
ஆறேகால் பஸ் என்று சொல்லிப் போய்விட்டார்.

செக்கிங் மேசை ஓரம்,
அம்பு ஸ்டிக்கர் ரோலுக்குப் பக்கத்தில்
நிற்கிறது வள்ளம்.
நேற்று வேறொரு லாட், கைத்தையல் கோணல்.
ஸ்டிக்கரை உரித்த விரல்
கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

ஒட்டினேன்.
கரும்பச்சை. கடலில் தெரியாது.