ஜி, கொஞ்சம் ஏறி

ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் மேடையேறுவேன்.
பக்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.
ஷூவோடு மிதித்தால்
கோரஸும் ஃபஸ்ஸும் சேர்ந்து விழும், அவ்வளவுதான்.
இரண்டு ஜோடி கம்பளிச் சாக்ஸ்,
பெருவிரல் பக்கம் ஒரு ஓட்டை.
அந்த ஓட்டைதான் சுவிட்சைக் கண்டுபிடிக்கும்.

பெடல்களுக்கு அடியில் தேயிலைப் பெட்டியின் மூடி,
உள்பக்கம் ஈயத்தாள் இன்னும் ஒட்டியிருக்கிறது.
கம்ப்ரெஸர் என்ன செய்கிறது என்று
மூன்று வருஷமாக யாருக்கும் விளக்க முடியவில்லை,
எனக்கும்தான்.
ஆக்டேவ் ஒரு படி கீழே இறங்கிப் பேசும்,
ரொம்ப இறங்கினால் திக்கும்.
ஃபஸ், பெங்களூருக்குப் போன ஒருவன் விட்டுப்போனது.
திருப்பிக் கேட்டால் தரமாட்டேன்.

கோத்தகிரி. டிசம்பர் இருபத்தெட்டு.
ரிசார்ட்டுப் புல்வெளியில் தார்ப்பாய்ப் பந்தல்.
பெள்ளி டிரம்ஸை முடுக்கிக்கொண்டிருந்தான்,
மூச்சு வெள்ளையாக வந்தது.
ரெஜினால்டு தன் ஆம்பை இன்னொரு சுற்று திருகினான்.
எப்போதும் இன்னொரு சுற்று.

ராத்திரி ராத்திரியாக ஹெட்ஃபோனில் நான் செதுக்கிய சத்தம்
வெளியே வந்தால் சத்தமே இல்லை.
ஃபஸ்ஸை மிதித்தேன், பாட்டுக்கு அடியில் தரை காணோம்,
காதோரக் கொசு மாதிரி நான்.
குனிந்து குமிழைத் திருப்பி
வெறும் சத்தத்தையும் கொஞ்சம் கலந்துவிட்டேன்.
தரை வந்தது.

நான் வாசிப்பதை யாரும் கேட்பதில்லை.
நாற்காலியின் இரும்புக் கால் கேட்கும்.
காகிதக் கப்பில் தக்காளி சூப்
வட்டம் வட்டமாய் நடுங்கும்.
அது எனக்குப் போதும்.
சில நாள் போதாது.

ஷெரினின் மெதுவான பாட்டு.
பந்தலுக்குள் பனிமூட்டம் கேட்காமலே வந்து உட்கார்ந்தது.
ஃபஸ்ஸின் சுவிட்ச் ஈரத்தில் மாட்டிக்கொண்டது.
அவள் 'உன் கண்கள்' என்று இழுக்க
என் கையிலிருந்து
முதல் கியரில் ஜீப் ஏறுகிற சத்தம்.
மிதித்தேன். இன்னும் மிதித்தேன்.
சிவப்பு விளக்கு அணையவில்லை.
வேறு வழியில்லாமல் ட்யூனரை மிதித்தேன்.

ஊமை.

ஷெரின், இருட்டில் ஒரு படி குறைந்ததுபோல்
காற்றில் கையை நீட்டினாள்.
பெள்ளி திரும்பிப் பார்த்தான்.
கூட்டத்தில் நாலைந்து பேர் தலைநிமிர்ந்தார்கள்,
விளக்கு மங்கியதா, காற்று நின்றதா,
என்ன போயிற்று என்று தெரியாமல்.

நான் கம்பியைத் தொடவில்லை.
கையை எடுத்தே வைத்திருந்தேன்.
ஆனாலும் ட்யூனரில் முள் எழுந்து நின்றது:
ஜி. சுருதி கொஞ்சம் ஏறி.

யார் வாசிக்கிறார்கள்?

அப்புறம் புரிந்தது, கரண்ட்.
மலைக்கு அந்தப் பக்கம் குந்தாவில் தண்ணீர் விழுந்து
கம்பியேறிக் காடு தாண்டி வந்து
நொடிக்கு ஐம்பது தரம்
என் பிக்கப்பில் முனகுகிறது.
பகலெல்லாம் நான் கணக்கெழுதும் ஃபேக்டரியில்
கொழுந்தை வாட்டுகிற விசிறியும்,
பேக்கரி ஃப்ரிட்ஜும்,
மார்க்கெட் மேட்டு ட்ரான்ஸ்ஃபார்மரும்
இதே ஜி, இதே கொஞ்சம் ஏறி.
இந்த மலைக்கு ஏற்கெனவே ஒரு பேஸ் ப்ளேயர் இருக்கிறது.
நின்றால்தான் அதன் பேரைச் சொல்வார்கள்,
அதுவும் திட்டுவதற்கு.

நாலு கம்பியையும் மயிரளவு ஏற்றி
அதனோடு சேர்ந்துகொள்ள ஆசை வந்தது.
ரெஜினால்டு கொன்றிருப்பான்.
ஃபஸ்ஸின் வயரைப் பிடுங்கி, பக்கத்து டப்பாவில் சொருகி,
பல்லவி திரும்புவதற்குள்
பழைய இடத்தில் போய் நின்றுகொண்டேன்.

"ரெண்டாவது சரணத்துல எங்கடி போன, பெனிட்டா?"
வயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள் ஷெரின்.
"சுருதி பார்த்தேன்."
"பாட்டுக்கு நடுவுலயா!"
ஆளுக்கு ஆயிரத்து முந்நூறு.
ஷூவுக்குள் பனி தேங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து
ஃபஸ்ஸைத் துடைத்து அரிசி டப்பாவில் புதைத்தேன்.
செவ்வாய்க்கிழமை வரை ஈரம் உறிஞ்சட்டும்.
காலையில் படியை உள்ளே விட்டதும்
அம்மா கத்துவாள்.
கத்தட்டும்.