ஒரு சொட்டு எண்ணெய்

நவம்பரில் ரீகா முழுக்க டயர் மாற்றும்.
எங்கள் பட்டறையில் நாளைக்கு நாற்பது வண்டி.
ஒரு போல்ட்டை முடுக்கினால்
அடுத்தது அதற்கு நேர் எதிரில் இருப்பது.
பக்கத்ததைத் தொட்டால்
சக்கரம் கோணிக்கொள்ளும்.

டிரம்மின் தோலும் அப்படித்தான்;
அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.
கால் திருகு,
எதிரே கால் திருகு,
ஓரத்தில் விரலால் தட்டிக் காது வைத்தேன்.
கிரீஸ் போகாத கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

சிம்பல் தெரியவில்லை.
எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்த்ததில்
பளபளவென்று ஆயிற்று,
செய்த கம்பெனியின் முத்திரை போயிற்று.
அதற்குப் பிறகு
வெறும் துணிதான்.

இடது காலும் தெரியவில்லை.
மற்ற மூன்றும் சேர்ந்து ஒரு வேலையில் இருக்கும்போது
இது மட்டும் பஸ்ஸைத் தவறவிட்டதுபோல்
ஓடி வரும்.

பதினோராம் நாள் கீழ்வீட்டு ஓயார்ஸ்
கதவைத் தட்டினார்.
மன்னிப்பை வாயில் தயாராக வைத்துக்கொண்டு
திறந்தேன்.
"அடி, விஸ்மா, அது பரவாயில்லை.
அந்தக் கீச்சுக் கீச்சுதான்...
எலி என்று நினைத்துப்
பொறி வாங்கிவிட்டேன்."

ஹை-ஹாட் பெடலின் கீலில்
ஒரு சொட்டு எண்ணெய்.

கீச்சு நின்றுவிட்டது.
இப்போது இடது காலின் பிழை
ஒன்றுவிடாமல் கேட்கிறது எனக்கு.
ஓயார்ஸுக்கும்தான்.