பன்னிரண்டு

ஞாயிறு, திபிலிசி, உலர்பாலம்.
ஜும்பர் தன் லாடாவின் மூக்கின் மேல்
குளியல் துண்டு விரித்து
நான்கு கேமராக்களைக் காயவைத்திருந்தார்.
எல்லாம் பெரிய சுருள் போடுபவை.
நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவள்.
எந்தப் பொருளும் எனக்கு முதலில் எடை,
பிறகுதான் பெயர்.

கியெவைத் தூக்கினேன், வைத்துவிட்டேன்.
அதைச் சுமக்க ஓர் ஆள் வேண்டும்,
அந்த ஆளைச் சுமக்க ஒரு லிஃப்ட்.

லூபிடெல் பஞ்சு மாதிரி. ஆனால் மடங்காது.
கோட்டுப் பைக்குள் திணித்துப் பொத்தானைப் போட்டேன்.
"எட்டாம் மாதம்," என்றார் ஜும்பர்.
பக்கத்தில் கரண்டி விற்பவள் சிரித்தாள்.

மாஸ்க்வா மடங்குகிறது,
சுருளுக்கு எட்டே படம்.
எட்டு போதாது என்றேன்.
"போருக்கா போகிறாய்?"
க்ல்தானியில் என் பொறுப்பில் பன்னிரண்டு லிஃப்ட்.
ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஓர் இயந்திர அறை,
அறைக்கு ஒரு ஜன்னல்,
ஜன்னலுக்கு ஒரு வெயில்,
கிரீஸ் டப்பா மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
இதை எப்படிச் சொல்வது?
"சும்மாதான்," என்றேன்.

மிச்சம் இஸ்க்ரா.
மற்றவர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பார்கள்.
நான் பையில் போட்டு உட்கார்ந்தேன், எழுந்தேன்,
பாலத்துச் சுவரில் ஒரு காலை வைத்து
ஏணி ஏறுவதாக நடித்தேன்.
தொடையில் இடிக்கவில்லை.
முக்கால் கிலோவுக்கு மேல், ஒன்றுக்குள்.
பெரிய ஸ்பேனரை வீட்டில் விட்டால் சரியாகிவிடும்.
மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம்;
பையில் கனம் இருந்தால்
கை அடிக்கடி போய்த் தொட்டுப் பார்க்கிறது, அவ்வளவே.

பிறகு கோட்டைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு
துருத்திக்குள் டார்ச் அடித்தேன்.
தெரிந்த இருட்டு. லிஃப்ட் குழியின் இருட்டு.
மடிப்பின் மூலையில் இரண்டு ஊசித் துளைகள்.
முதுகில் யாரோ ஓட்டை போட்டு
காரின் பின்விளக்குத் துண்டை ஒட்டியிருக்கிறார்கள்,
படத்தின் எண் பார்க்க.
எண்ணுகிற பல்சக்கரம் செத்திருக்க வேண்டும்.
அந்த ஆளை எனக்குப் பிடித்துவிட்டது.
நானும் அதைத்தான் செய்திருப்பேன்,
கொஞ்சம் நேராக.

"தொண்ணூறு லரி."
"இரண்டு துளை."
"நட்சத்திரம் என்று சொல்."
"நட்சத்திரத்துக்கு ஐந்து குறையுங்கள்."
எண்பதுக்கு முடிந்தது.
காலாவதியான சுருள் ஒன்று கொசுறு.
துளைகளுக்குக் கறுப்பு டேப், அது எப்போதும் என்னிடம் உண்டு.

சுருளை ஏற்றி
சிவப்புக்குள் ஒன்று வரும்வரை திருகினேன்.
ஜும்பர் அப்போதுதான்
பணத்தைச் சாக்ஸுக்குள் செருகக் குனிந்தார்,
ஒற்றைக் காலில், கொக்கு மாதிரி,
லாடாவைப் பிடித்துக்கொண்டு.

க்ளிக்.

ஐயோ.

இப்போது பதினொன்று.
சம்பளம் இருபத்தைந்தாம் தேதி.
திங்கள் காலை மினிபஸ்ஸில் நின்றபடி
என் கட்டடங்களை விரல்விட்டு எண்ணுகிறேன்,
எந்த ஜன்னலிடம் சொல்வது,
இந்த முறை நீ இல்லை என்று.