பதினேழாவது கட்டம்

படிவத்தில் பதினேழாவது கட்டம்: நோக்கம்.
ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள்.

லியபாயா துறைமுகத்தை ஒட்டிய அருங்காட்சியகம்,
பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை,
ஈ காக்கை இல்லாத மூன்றாம் மாடி.
காவலர் இல்மார்ஸ் வழக்கம்போல்
ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.
(அவர் வாக்குமூலத்தில் அதன் பெயர் ரோந்து.)
ரேடியேட்டர் பழுதுபார்க்க வந்தவன்
ஓவியத்தைக் கருவிப்பெட்டிக்குள் வைத்து மூடிப்
படியிறங்கிப் போனான்.
கீழே கதவைத் திறந்து பிடித்ததும் இல்மார்ஸ்தான்.

பெரிய ஓவியமில்லை. ஒரு சாப்பாட்டுத் தட்டகலம்.
பீங்கானில் மூன்று ஹெர்ரிங் மீன்,
ஒரு கத்தி, பாதி உரித்த வெங்காயம்.
வரைந்தவர் பெயர் யாருக்கும் தெரியாது.
காப்பீட்டு மதிப்பு எனக்குத் தெரியும்.
சொன்னால் அந்த மீன்களை
நீங்கள் மறுபடி ஒருமுறை பார்ப்பீர்கள்.

பணமா என்றேன்.
ஆர்விட்ஸ் தலையை அசைத்தான்,
ஆமென்றும் இல்லையென்றும் வாசித்துக்கொள்ளலாம்.
ஊரே தேடும் படத்தை விற்பது
பக்கத்து வீட்டு நாயை
அதே தெருவில் விலைகூறுவது மாதிரி.
அது அவனுக்கும் தெரிந்திருந்தது.
யாராவது கேட்டு எடுத்தாயா?
எங்கோ ஒரு கோடீஸ்வரன், நிலவறை, ஒற்றை நாற்காலி?
சிரித்துவிட்டான்.
என் மேலதிகாரிக்கு அந்தக் கோடீஸ்வரன்மேல் தனிப் பிரியம்;
இருபது வருடமாகத் தேடுகிறார்.
கோபமா?
கூலி பாக்கி நூற்றுப்பத்து யூரோ, உண்மைதான்.
நான் சொல்லித்தான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

அப்புறம் சொன்னான்:
"வெங்காயத்து மேல ஒரு ஈ.
வெளியே கடலோரம் உறைஞ்சு கிடக்கு,
பிப்ரவரியில ஈ ஏது?
கையை வீசினேன். போகலை.
மறுபடி வீசினேன்.
செத்து முந்நூறு வருஷம் ஆனவன்
என்னை ஏமாத்திட்டான்.
ரேடியேட்டர் பக்கத்துலயே உட்கார்ந்து
கண்ணுல தண்ணி வரச் சிரிச்சேன்.
ஸ்மைட்ராவை ஏமாத்தணும்னு தோணிச்சு.
அவ்வளவுதான்."

ஸ்மைட்ரா, மனைவி. மீன் ஆலையில் இரவுப்பணி.
காலை ஆறு பத்து. கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
சமையலறை மேசையில், ரொட்டி டப்பாவில் சாய்ந்து
இன்னும் மூன்று மீன்.
வீட்டிலுமா என்று எரிச்சல்.
அதன்மேல் ஓர் ஈ.
ஈரத்துணியை எடுத்தாள்.
அடித்தாள்.

முந்நூறு வருடம் தப்பித்த ஈ.
இடது இறக்கை துணியோடு போயிற்று.

கதவுக்குப் பின்னாலிருந்து அவன் கைதட்டினானாம்.
அவளுக்கு முதலில் கோபம், பிறகு சிரிப்பு,
அதற்குப் பிறகுதான்
இது யாருடையது என்ற கேள்வி.
அந்த வரிசையிலேயே எழுதுங்கள் என்றாள்.
எழுதினேன்.
மதியம் எங்களைத் தொலைபேசியில் அழைத்ததும் அவளே.

ரீகாவிலிருந்து நிபுணர் டாக்னியா வந்திருக்கிறார்.
இறக்கையைத் திரும்ப வரையலாமா என்று
மூன்று குழுக்களுக்குக் கடிதம் போட்டிருக்கிறார்.
மூன்றாம் மாடியில் இப்போது கூட்டம்,
வெறும் ஆணியைப் பார்க்க.
இல்மார்ஸுக்கு ஈ ஓட்ட நேரமில்லை.

பதினேழாவது கட்டம்.
சிரிப்பு என்று எழுதினால் திருப்பி அனுப்புவார்கள்.
பழைய கோப்புகளைப் புரட்டினேன்:
பணம். பணம். கடன். பணம்.
ஈயடிச்சான் காப்பியாக நானும்
பணம் என்று எழுதினேன்.

கையெழுத்துக்கு முன்னால்
சான்றுப்பொருள் அறையில் உறையைப் பிரித்து
கணக்கைச் சரிபார்க்க வேண்டும், அது விதி.
மூன்று மீன். கத்தி. வெங்காயம்.
ஒற்றை இறக்கையோடு அது.
எல்லாம் தெரியும் எனக்கு,
கோப்பே என்னுடையது.
கதவைச் சாத்திவிட்டு
மெல்ல ஊதிப் பார்த்தேன்.