பொதுச்சுவர்

சாட்ஸ்வர்த்தில் வீடுகள் முதுகு ஒட்டிப் பிறந்தவை.
ஒரே கூரை, நடுவே ஒரு செங்கல் கனம்.
என் மேசை இந்தப் பக்கம்.
சிஸ்டர் படையாச்சியின் தலைமாடு அந்தப் பக்கம்.

இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டு
காலை எட்டரைக்கு வந்து படுப்பவள்.
எட்டரைக்குத்தான் நான் தொடங்குவேன்:
இன்னும் கட்டாத வீடுகளின் சமையலறைகளுக்கு
வெயில் பாய்ச்சும் வேலை.
ஒரு ஜன்னல் வெளிச்சத்துக்கு ஆறு மணி நேரம்
கணினி கொதிக்கும்.
கொதிப்பை ஆற்றத் தண்ணீர்.
தண்ணீரைச் சுற்றிவர வைக்க
மூடிய கை அளவில் ஒரு பம்ப்.

புதன்கிழமை கதவிடுக்கில் ஒரு சீட்டு,
ஆங்கிலத்தில், பேனா தாளைக் கிழிக்கும்படி அழுத்தி:
உங்கள் வீட்டில் ஏதோ ஒன்று
என் பல்லுக்குள் ஓடுகிறது.

சுவருக்குக் காது உண்டு என்பார்கள்.
எங்கள் சுவருக்கு எலும்பு இருக்கிறது.

உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
பெட்டி நடுங்கியது. மேசை நடுங்கியது.
சுவரில், ஸ்விட்சுக்குக் கீழே,
பூனை வயிற்றில் ஓடுவது போன்ற ஒன்று.

முதலில் காற்று.
குழாய் வளைவில் ஒரு குமிழி சிக்கி
நறநறவென்று அரைபட்டுக்கொண்டிருந்தது.
பெட்டியைத் தூக்கி இடுப்பில் சாய்த்து
இடமும் வலமும் ஆட்டினேன்,
பால் குடித்த பிள்ளைக்கு ஏப்பம் வரவைப்பதுபோல.
வந்தது. தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியது.
ஊற்றி நிரப்பினேன்.

நறநற போயிற்று. ரீங்காரம் போகவில்லை.

நாலாயிரத்து எண்ணூறு சுற்று யாருக்கு வேண்டும்?
குறைத்துக்கொண்டே வந்தேன்.
மூவாயிரத்து நூறில் பெட்டியின் தகரம்
பம்போடு சேர்ந்து பாடத் தொடங்கியது,
கூப்பிடாத பின்பாட்டு.
அவசரமாக அதைத் தாண்டி
இரண்டாயிரத்து அறுநூறில் நின்றேன்.
மூன்று டிகிரி கூடியது. கூடட்டும்.

கடைசியில் திருகுகள்.
இறுக்கினால் அடங்கும் என்று
நான்தான் முறுக்கி வைத்திருந்தேன்.
இறுக்க இறுக்க அது இரும்புக்குள் இறங்கியிருக்கிறது.
நான்கையும் கழற்றினேன்.
பங்களாதேஷ் மார்க்கெட்டில் வாங்கிய
பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு,
பழைய பைஜாமாவின் எலாஸ்டிக்.
எந்தத் தகரத்தையும் தொடாமல்
பம்ப் அந்தரத்தில் கிடந்தது.
விறைத்த குழாயை எறிந்துவிட்டு
தொளதொளவென்று ஒன்று மாட்டினேன்.
மேசையைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளினேன்;
ஐந்தாவது விரலுக்கு அறையில் இடமில்லை.

கை வைத்தேன். சுவர் வெறும் சுவர்.

வெள்ளிக்கிழமை வாசல் கம்பியில்
ஒரு டப்பா பீன்ஸ் கறி தொங்கியது.
சீட்டு இல்லை.

அதற்குப் பிறகுதான் கேட்கத் தொடங்கியது.
கெட்டிலின் சிணுங்கல்.
மாத்திரை அட்டை உடையும் டிக்.
பகல் ஒரு மணிக்கு, பெர்த்தில் ஏழு,
மகனின் அழைப்பு.
நன்றாகத் தூங்கினேன் பிரகலாதா, என்பாள்
நாலு மணி நேரம் மட்டுமே படுத்தவள்.
சாப்பிட்டேன்.
வீட்டை விற்பதைப் பிறகு பேசலாம்.
வைத்த பின் நெடுநேரம்
கட்டில்கூடக் கிறீச்சிடாது.

இத்தனை நாளும் இதன்மேல்
என் பம்ப் போர்வை போர்த்தியிருந்திருக்கிறது.

லோட்ஷெடிங் நாளில் இன்னும் மோசம்.
இருட்டுத் திரைக்கு முன்னால்
மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தேன்,
நாற்காலி முனகினால்
நான் இருப்பது தெரிந்துவிடும் என்று.

இப்போது பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு
ஒரு கட்டளை எழுதி வைத்திருக்கிறேன்.
நாலாயிரத்து எண்ணூறு.
எலாஸ்டிக்கில் ஆடி ஆடி
என் காதுக்கு மட்டும் இரையும்,
சுவர்வரை போகாது.
ஒன்றரைக்கு இறங்கும்.

சில நாள் பேச்சு நீண்டிருக்கும்.
அப்போது கையால் ஏற்றிவிடுவேன்.