எண்ணூறு மீட்டர்

எங்கள் ஊரில் மேடு என்றால் வரப்பு.
அதற்கு மேல் உயரம் வேண்டுமானால்
தென்னையில்தான் ஏற வேண்டும்.
இந்தத் தட்டை நிலத்துக்கு, இந்தக் கடைமடைக்கு
ஒரு மேக்னம் ரைஃபிள் எதற்கு என்று
கேட்டவள் நான் ஒருத்திதான்.
வால்பாறை எஸ்டேட்காரர் பேரன் விற்றான்.
‘பயிர்ப் பாதுகாப்பு’ என்று மனுவில் எழுதி
இவர் வாங்கிவந்தார்.

வந்த மறுநாளே பிரித்துப் போட்டாயிற்று.
தோட்டாவின் உதை தோளுக்குப் போகக் கூடாது,
கன்னம் கட்டையில் படியும் இடம்
தினம் ஒரே இடமாக இருக்க வேண்டும்.
நாகப்பட்டினத்தில் படகுக்கு ஊற்றும் பிசினை
ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்தார்.
இரும்பும் மரமும் மயிரளவும் அசையாமல்
உட்காரணுமாம்.
மூன்று நாள் வீட்டில் படகு வாடை.
ரசத்திலும்.

விசைக்கு எவ்வளவு கனம் என்று பார்க்க
மீன்காரியின் தராசுக் கொக்கியை இரவல் வாங்கினார்.
ஒன்றரைக் கிலோ.
‘அது கெளுத்திக்குச் சரி,’ என்றேன்.
சிரிக்கவில்லை.
உரச்சாக்கில் சுற்றிக்கொண்டு
இரண்டு பஸ் மாறித் திருச்சிக்குப் போனார்,
குறைத்துக்கொண்டு வந்தார்.

தொலைநோக்கிக்கு இரண்டு வருஷ உளுந்து போயிற்று.

பிறகு தூரங்கள்.
நில அளவைச் சங்கிலியை இழுத்துக்கொண்டு
வெயிலில் நடந்தார்.
மோட்டார் கொட்டகை இருநூற்றுப் பத்து.
மதகு எழுநூற்று நாற்பது.
ஒற்றைப் பனை எண்ணூறு.
சிவப்புப் பெயின்டில் எண் எழுதியதைப் பார்த்து
ஏதோ குழாய் வரப்போகிறது என்று
ஊரே பயந்து கூட்டம் போட்டது.
காற்றறிய என் நாவல்பழச் சேலையைக் கிழித்து
வழிநெடுகக் கம்புகளில் கட்டினார்.
முதல் கம்பில் கிழக்கே பறக்கும்,
மூன்றாவதில் தொங்கும்,
பனையடியில் தெற்கே இழுக்கும்.
ஒரே வயலில் மூன்று காற்று இருப்பதை
அறுவடைக்குப் போன எனக்கே
அப்போதுதான் தெரியும்.

பன்றிகள் வந்தன. நாற்றை உழுதன. போயின.
சுடுவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும்.
அனுமதி வந்தபோது
பன்றிகள் அடுத்த தாலுக்காவில்.

அப்புறம் தேர்தல்.
துப்பாக்கிகளெல்லாம் ஸ்டேஷனுக்கு.
மூன்று வருஷ வேலைக்கு ரைட்டர் கொடுத்த ரசீது:
‘பழைய துப்பாக்கி ஒன்று, வார் உட்பட.’
தொலைநோக்கியை மட்டும் கழற்றித்
துண்டில் சுற்றி வைத்திருந்தார்.
ஓட்டு எண்ணி முடித்தும் துப்பாக்கி திரும்பவில்லை.
புதுப்பிக்கும் தாள் ஏதோ ஒரு மேஜையில்.

மேட்டூர் திறந்தார்கள்.
கல்லணையில் பூத் தூவியதை டிவியில் பார்த்தோம்.
எங்கள் வாய்க்காலில் ஆடு படுத்திருந்தது.
பத்து நாள். பதினைந்து.
விதை நெல் சாக்கிலேயே சூடேறியது.

ஆடி ஏழாம் தேதி காலை
வரப்பில் குப்புறப் படுத்திருந்தார்,
முழங்கைக்கடியில் உளுந்துச் சாக்கு,
கண்ணில் அந்தக் குழல்.
நீராகாரத்தைப் பக்கத்தில் வைத்தேன்.
தொடவில்லை.
மூச்சைப் பாதி விட்டு நிறுத்தியிருந்தார்.
பிறகு நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.

முதலில் என் இமைதான் தெரிந்தது.
அப்புறம் கானல், இரண்டு கோடுகள்,
கோடுகள் சந்திக்கும் இடத்தில் கொக்குகள்
வாய்க்கால் நடுவே நடந்து வந்தன,
ஒவ்வோர் அடிக்கும் குனிந்து கொத்திக்கொண்டு.
வெடிப்புகளிலிருந்து பூச்சிகள் ஓடி வந்தன.
எதற்கு ஓடுகின்றன என்று பார்த்தேன்.
நுரை.
வைக்கோல், குரும்பை, ஒரு நீலச் செருப்பு,
எல்லாவற்றையும் மூக்கால் தள்ளிக்கொண்டு
பழுப்பாக ஒன்று.
ஒரு வெடிப்பு வந்தால் நிற்கும்,
உள்ளே இறங்கி நிரப்பும்,
மறுபடி ஏறி ஊரும்.

என் சுட்டுவிரல் தானாக மடங்கியிருந்தது.

‘பனையைத் தாண்டிட்டுதா?’
‘தாண்டிட்டுது.’
‘செருப்பு?’
‘மதகுல முட்டிக்கிட்டு நிக்கிது.’

வெறுங்கண்ணால் அந்தப் பக்கம் பார்த்தபடி
எனக்கல்ல, காற்றுக்குச் சொல்வதுபோல் சொன்னார்:
‘எழுநூத்தி நாப்பது.’